அணைந்து எழுந்த கருவியும் அழிந்த கோப்பும்

கைத்தொலைபேசி ஒன்று திடீரென உறைந்து நின்றுவிடுகின்றது. திரையில் எங்குத் தொட்டாலும் அசைவில்லை. உரியவர் பக்கத்திலுள்ள பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கின்றார். திரை இருண்டு மீண்டும் ஒளிர்கின்றது. எல்லாம் முன்போலவே இருப்பதாகத் தோன்றுகின்றது. ஆனால், சற்றுமுன் எடுத்த நிழற்படத்தைத் திறந்தால் மேற்பாதி மட்டுமே தெரிகின்றது. கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். நாள்தோறும் வரவு செலவு குறித்துவந்த ஏட்டைத் திறந்தாலோ அதில் ஓர் எழுத்தும் இல்லை.

அழிந்தது ஒரு கோப்புத்தானே என்று சொல்லி இதனைத் தள்ளிவிட இயலாது. முன்னாளிற் பேழையிலும் அலுமாரியிலும் பிரிந்து கிடந்தவை யாவும் இந்நாளில் இந்தச் சிறு கருவிக்குள் வந்து ஒடுங்கிவிட்டன. குழந்தையின் முதல் நடையும் அதனுள்ளேயே இருக்கின்றது. மறைந்துபோன தாயின் குரலும் அதனுள்ளேயே இருக்கின்றது. அவற்றுட் பலவற்றுக்கு வேறு படி கிடையாது.

இவ்வாறு இழந்தோர் பெரும்பாலும் சொல்லும் முடிவு ஒன்று உண்டு. “கருவியை அணைத்து மீளத் தொடங்கினோம், அதனாற் கோப்புக் கெட்டது” என்பதே அது. இரண்டும் அடுத்தடுத்து நிகழ்வதால் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயின், இக்கேட்டைத் துருவி ஆராய்ந்தோர் கண்டது வேறு. மறுதொடக்கம் குற்றவாளியாக இருப்பது சிலவேளைதான். பலவேளை அது சாட்சி மாத்திரமே. குற்றம் சில விநாடிகளுக்கு முன்னரோ சில கிழமைகளுக்கு முன்னரோ நடந்து முடிந்திருக்கும். அதுவரை மறைந்திருந்ததை மறுதொடக்கம் வெளியே கொணர்ந்து காட்டிவிடுகின்றது.

இது எங்ஙனம் என்பதை விளங்கிக்கொள்ளக் கருவிக்குள் இருக்கும் இருவகை நினைவகங்களை அறிதல் வேண்டும். ஒன்று தற்காலிக நினைவகம். அது மிக விரைவானது. ஆனால் மின்சாரம் நின்ற கணத்தில் தன்னிடமுள்ள அனைத்தையும் மறந்துவிடும். மற்றையது பிளாஷ் நினைவகம். அது மெதுவானது, மின்சாரம் இல்லாதபோதும் எழுதியதைக் காத்துவைக்கும். செயலியொன்று ஒரு கோப்பைச் சேமிக்கும்போது, இயங்குதளம் அதனை உடனே பிளாஷ் நினைவகத்தில் எழுதுவதில்லை. தற்காலிக நினைவகத்தில் ஏற்றுக்கொண்டு, “எழுதியாயிற்று” என்று செயலிக்கு விடை சொல்லிவிடுகின்றது. பின்னர், ஓய்வு கிடைத்தபோது உரிய இடத்திற் பதிகின்றது.

பெரிய கடையொன்றின் கணக்கப்பிள்ளையை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். விற்பனை மும்முரமாக நடக்கும்போது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் அவர் பேரேட்டிற் பதிவதில்லை. கையிலுள்ள சிட்டையிற் கிறுக்கிக்கொள்கின்றார். மாலையில் அவற்றைப் பேரேட்டிற் பெயர்த்தெழுதுகின்றார். இடையில் முதலாளி வந்து “இன்னாருடைய கணக்கு என்ன?” என்று கேட்டால், சிட்டையைப் பார்த்தே சரியான விடை சொல்லிவிடுவார். பேரேட்டில் இன்னும் ஒன்றும் ஏறவில்லை என்பது முதலாளிக்குத் தெரியாது. சிட்டை தீப்பற்றி எரிந்த பின்னரே அது தெரியவரும்.

கைத்தொலைபேசியிலும் இதுவே நடக்கின்றது. சேமித்த கோப்பை ஒருவர் உடனே திறந்து பார்த்து, “சரியாகத்தான் இருக்கின்றது” என்று மனநிறைவு கொள்கின்றார். அவர் கண்டது சிட்டையைத்தான். பிளாஷ் நினைவகத்தில் உள்ளது சரியா பிழையா என்பதற்கு அந்தப் பார்வை எவ்விதச் சான்றுமாகாது. கருவி அணைந்து எழுந்த பின்னரே, சிட்டை இல்லாத நிலையில், பேரேடு முதன்முறையாகத் திறக்கப்படுகின்றது. ஆகவேதான் கேடு எப்பொழுது நேர்ந்திருந்தாலும் மறுதொடக்கத்திற்குப் பின்னரே கண்ணிற் படுகின்றது.

முறைப்படி அணைக்கும்போது இயங்குதளம் செயலிகளுக்கெல்லாம் முன்னறிவித்தல் கொடுத்து, சிட்டையில் உள்ள அனைத்தையும் பேரேட்டில் ஏற்றி, பேரேட்டை மூடிய பின்னரே மின்சாரத்தை நிறுத்துகின்றது. பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்து அணைப்பது அவ்வாறானதன்று. அது கணக்கப்பிள்ளையின் கையிலிருந்து சிட்டையைப் பிடுங்கி எறிவதற்குச் சமம். மின்கலம் முதுமையடைந்த கருவிகளும் இதே வகையில் அணைவதுண்டு. பழைய லிதியம் மின்கலத்தின் உட்தடை மிகுந்துவிடுவதால், இன்னும் இருப்புண்டு என்று திரை காட்டும்போதே, சற்று மிகுதியான மின்னோட்டம் தேவைப்பட்ட கணத்தில் அழுத்தம் வீழ்ந்து கருவி சட்டென நின்றுவிடும்.

இந்தத் தாமதப் பதிவினால் எத்துணைக் கேடு விளையலாம் என்பது 2009ஆம் ஆண்டிற் பலரும் அறிய வெளிப்பட்டது. லினக்ஸ் இயங்குதளத்திற்கு ‘எக்ஸ்ட்4’ என்னும் புதிய கோப்பு முறைமை 2008 டிசம்பரில் நிலையான வடிவில் வந்திருந்தது. கோப்பு முறைமை என்பது எந்தக் கோப்பு எந்த இடத்தில் உள்ளது என்பதைக் குறித்துக் காக்கும் அட்டவணையும் அதற்கான நடைமுறையுமாகும். இதற்கு முந்தைய ‘எக்ஸ்ட்3’ வழக்கமாக ஐந்து விநாடிக்கு ஒருமுறை அட்டவணையைப் பதியும். அவ்வாறு பதியுமுன் அதற்குரிய உள்ளடக்கத்தையும் எழுதிவிடும். புதிய முறைமையோ, உள்ளடக்கத்திற்கு இடம் ஒதுக்குவதையே ஒத்திப்போட்டது. பல எழுத்துவேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே தொடராக எழுதினால் வேகம் கூடும், இடமும் துண்டுபடாது. நோக்கம் நல்லதே. ஆனால், அட்டவணை மாறிய பின்னரும் உள்ளடக்கம் அரை நிமிடமோ அதற்கு மேலோ சிட்டையிலேயே தங்கியிருக்க நேர்ந்தது.

2009 ஜனவரியில், உபுண்டு என்னும் லினக்ஸ் வெளியீட்டின் முன்னோட்டப் பதிப்பைப் பயன்படுத்திய ஒருவர் பிழையொன்றை முறைப்பாடு செய்தார். கணினி நிலைகுலைந்து மீளத் தொடங்கியபோது, அவருடைய செயலிகளின் அமைப்புக் கோப்புகள் பலவும் பெயரளவில் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றின் அளவும் பூச்சியம் பைட்டு. மற்றையோரும் தத்தம் இழப்புகளைக் கூறத் தொடங்கினர். அந்தக் கோப்பு முறைமையை உருவாக்கியவருள் முதல்வரான தியொடோர் சோ அவர்களே விடையளித்தார்.

அவர் விளக்கியது இதுதான். அக்காலச் செயலிகள் கோப்பொன்றைப் புதுப்பிக்க இரு வழிகளைக் கையாண்டன. முதல்வழி, பழைய கோப்பை வெறுமையாக்கிவிட்டு அதிலேயே புதியதை எழுதுவது. பேரேட்டின் தாளைக் கிழித்தெறிந்த பின் புதுத்தாளைத் தேடுவது போன்றது இது. இடையில் ஏதும் நேர்ந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இரண்டாம் வழி சற்று அறிவுடையது. புதிய கோப்பை வேறொரு பெயரில் எழுதி முடித்துவிட்டு, பின்னர் அதற்குப் பழைய பெயரைச் சூட்டுவது. பெயர்மாற்றம் ஒரே கணத்தில் நிகழ்வதால், பழையது அல்லது புதியது ஏதேனும் ஒன்று முழுமையாக எஞ்சும் என்பது எழுதியோர் நம்பிக்கை. எக்ஸ்ட்3 காலத்தில் அந்த நம்பிக்கை பொய்த்ததில்லை. எக்ஸ்ட்4 வந்தபோதோ பெயர்மாற்றம் அட்டவணையில் ஏறியது, உள்ளடக்கம் ஏறவில்லை. அட்டவணை “நாற்பதாம் பக்கம் பார்க்க” என்றது. நாற்பதாம் பக்கம் வெறுமையாக இருந்தது.

உள்ளடக்கத்தை இப்பொழுதே பதிந்துவிடு என்று இயங்குதளத்திற்குக் கட்டளையிடும் வழி ஒன்று உண்டு. அதன் பெயர் ‘எஃப்சிங்க்’. பெயரை மாற்றுமுன் அக்கட்டளையை இட்டிருக்க வேண்டும், இடாதது செயலி எழுதியோரின் பிழை என்பது சோ அவர்களின் வாதம்; பொதுவரையறையின்படி அது சரியே. ஆயின், செயலி எழுதியோர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. எக்ஸ்ட்3இல் அக்கட்டளையை இட்டால், அந்த ஒரு கோப்பு மட்டுமன்றி நிலுவையிலுள்ள ஏறக்குறைய எல்லாமே பதியப்படும்வரை காத்திருக்க வேண்டும். 2008இல் வெளிவந்த பயர்பொக்ஸ் 3 உலாவி அக்கட்டளையை அடிக்கடி இட்டதால், லினக்ஸ் கணினிகள் இடையிடையே உறைந்து நின்றன என்ற குறைகூறல் எழுந்தது. பாதுகாப்பாக எழுதினால் ‘மெதுவானது’ என்ற பழி, விரைவாக எழுதினால் ‘கோப்பைத் தின்றது’ என்ற பழி. இந்த நெருக்கடியிற் பலர் விரைவையே தேர்ந்தனர் என்றால் அதில் வியப்பில்லை.

முடிவில் சோ அவர்கள் இறங்கிவந்தார். யார் பிழை என்ற வழக்கு எவ்வாறிருப்பினும், கோப்பை இழப்பவர் இருவருமல்லாத மூன்றாமவர் அன்றோ? மேற்சொன்ன இரு வழிகளையும் கோப்பு முறைமையே இனங்கண்டு, அவ்வேளைகளில் உள்ளடக்கத்தையும் தாமதமின்றி எழுதத் தொடங்குமாறு திருத்தம் செய்யப்பட்டது. 2009 ஜூனில் வந்த லினக்ஸ் 2.6.30இல் அது இடம்பெற்றது.

இந்த வரலாறு மேசைக் கணினிகளோடு முடிந்துவிடவில்லை. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் லினக்ஸையே அடித்தளமாகக் கொண்டவை. 2008இல் வந்த முதற் கருவிகள், நியூசிலாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மனிங் ஆக்கிய ‘யாஃப்ஸ்’ என்னும் கோப்பு முறைமையைப் பயன்படுத்தின. 2010 டிசம்பரில், அன்ட்ரொயிட் 2.3 பதிப்போடு வெளிவந்த நெக்சஸ் எஸ் என்னும் கருவி எக்ஸ்ட்4க்கு மாறியது. யாஃப்ஸ் சிட்டையில் அதிகநேரம் எதனையும் வைத்திருப்பதில்லை. எனவே கவனமின்றி எழுதப்பட்ட செயலிகளும் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தன. புதிய முறைமையில் அந்தத் தயவு கிடையாது என்றும், முக்கியமான கோப்புகளுக்கு எஃப்சிங்க் கட்டளையை மறவாதிருக்க வேண்டும் என்றும் செயலி எழுதுவோர்க்கு அந்த மாதமே கூகிள் அறிவித்தல் விடுத்தது. பழைய கோப்பின் பிரதியைக் காத்துவைத்துக்கொண்டு புதியதை எழுதும் ஆயத்தக் கருவியொன்றும் அன்ட்ரொயிட்டில் உண்டு. அதனைப் பயன்படுத்தியோரின் கோப்புகள் பிழைக்கின்றன. ஏனையோருடையவை நல்லூழை நம்பியிருக்கின்றன.

சரி, கேடு நேர்ந்துவிட்டது. காரணத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது? இது துப்பறிவாளர் வேலைக்கு ஒப்பானது. முதற்கண் இரண்டு வினாக்களைக் கேட்டல் வேண்டும். கருவி முறைப்படி அணைந்ததா, சட்டென நின்றதா? கெட்ட கோப்பு எப்பொழுது எழுதப்பட்டது? சட்டென நிற்பதற்கு ஒரு நிமிடத்துக்குட்பட்ட நேரத்தில் எழுதப்பட்ட கோப்பாயின், சிட்டையிலிருந்து ஏறுமுன் தொலைந்தது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். பத்து நாளைக்கு முன் எழுதியது கெட்டிருந்தாலோ, முறைப்படி அணைத்தும் கெட்டிருந்தாலோ, ஐயம் பிளாஷ் நினைவகத்தின் மீது திரும்ப வேண்டும்.

அடுத்தது, சிதைந்த கோப்பின் உடலைச் சோதித்தல். மருத்துவர் காயத்தைப் பார்த்தே ஆயுதத்தைச் சொல்வது போல, சிதைவின் வடிவத்தைக் கொண்டே காரணத்தை ஊகிக்கலாம். கோப்பின் பெயர் இருந்து அளவு பூச்சியமாயின், அது மேலே கண்ட 2009ஆம் ஆண்டுக் கதையேதான். அளவு சரியாக இருந்து, 4,096 பைட்டின் மடங்கான ஓரிடத்திலிருந்து இறுதிவரை வெறும் பூச்சியங்களாக இருந்தால், எழுதுதல் பாதியில் நின்றது என்பது பொருள். இயங்குதளம் கோப்புகளைக் கையாளும் அலகு வழக்கமாக 4,096 பைட்டு என்பதே இதற்குக் காரணம். நிழற்படத்தின் கீழ்ப்பாதி சாம்பலாவதற்கு இது ஒரு பொதுக்காரணம். ஒரு கோப்பினுள் வேறொரு கோப்பின் பகுதி கிடந்தால், அட்டவணை குழம்பியிருக்கின்றது. ஆங்காங்கே ஓரிரு பிட்டுகள் மட்டும் மாறியிருந்தால், நினைவகக் கலமோ இடைப்பட்ட மின்தொடர்போ பழுதானது. கோப்பு முழுமையாக இருந்து, ஆனால் பழைய வடிவில் இருந்தால், அது ஒரு தனிக்கதை, பின்னர் வரும்.

மூன்றாவது, கேட்டை வேண்டுமென்றே மீண்டும் உண்டாக்கிப் பார்த்தல். இதற்கு எடுக்கும் கருவியிலுள்ள மதிப்புடையவற்றை முன்னரே வேறிடத்திற் படியெடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாது சோதனையில் இறங்கி, எஞ்சியிருந்ததையும் இழந்தோர் உளர். சோதனைக் கோப்பில் ஏதோவொன்றை நிரப்புவதாற் பயனில்லை. ஒவ்வொரு 4,096 பைட்டுத் துண்டிலும் அதற்குரிய வரிசை எண்ணை எழுதிவைத்தால், பின்னர் எந்தத் துண்டு காணாமற்போனது, எது இடம்மாறியது என்பது பார்த்தவுடன் தெரியும். கோப்பு முழுவதற்கும் எஸ்.எச்.ஏ.-256 போன்ற முறையாற் கைரேகை எண் ஒன்றைக் கணித்து, அதைக் கருவிக்கு வெளியே தாளிற் குறித்துவைக்க வேண்டும். ஒரு பிட்டு மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும்.

பின்னர், எழுதிய கோப்பை மறுதொடக்கமின்றியே பேரேட்டிலிருந்து வாசிக்க முயல வேண்டும். லினக்ஸில், பதிந்து முடிந்தவற்றின் தற்காலிகப் படிகளைக் கைவிடுமாறு கட்டளையிட வழியுண்டு. நினைவட்டையாயின், பதிவு முடிந்தபின் முறைப்படி கழற்றி வேறு கணினியில் வாசிக்கலாம். கைரேகை அப்பொழுதே மாறியிருந்தால், மறுதொடக்கம் குற்றமற்றது என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுவிடும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமையினாற் பல நாட்களை வீணாக்கியோர் பலர். கைரேகை மாறவில்லையாயின், முறைப்படி இருபது தடவை அணைத்துப் பார்க்க வேண்டும். அதன்பின் எழுதியது தொடங்கி ஒரு விநாடி, ஐந்து விநாடி, முப்பது விநாடி, ஒரு நிமிடம் என இடைவெளி மாற்றிச் சட்டென நிறுத்திப் பார்க்க வேண்டும். குறுகிய இடைவெளியிற் கெட்டு, நீண்ட இடைவெளியிற் பிழைத்தால், தாமதப் பதிவே காரணம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்ற விதியை மீறலாகாது. நினைவட்டை, செயலி, இயங்குதளப் பதிப்பு மூன்றையும் ஒருங்கே மாற்றிவிட்டுக் “குணமாயிற்று” என்பவர், எதனாற் குணமாயிற்று என்பதைச் சொல்ல முடியாது.

இயங்குதளம் தானே விட்டுச்செல்லும் வாக்குமூலமும் உண்டு. அன்ட்ரொயிட் கருவிகள் பலவற்றில், நிலைகுலையுமுன் லினக்ஸ் இறுதியாகச் சொன்ன செய்திகள் தனியான நினைவகப் பகுதியொன்றில் எஞ்சியிருந்து, அடுத்த தொடக்கத்தில் வாசிக்கக் கிடைக்கும். சேமிப்பகத்தை வாசிக்கவோ எழுதவோ இயலவில்லை என்ற வரி அங்குக் காணப்பட்டால், செயலிகளை ஐயுறுவதை நிறுத்திவிடலாம்.

இனி, பிளாஷ் நினைவகத்தின் இயல்பு. தொஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய யப்பானியப் பொறியியலாளர் புஜியோ மசுவோக்கா 1980களில் இதனைக் கண்டுபிடித்தார். 1984இல் அதன் முதல்வகையும், இன்றைய கருவிகளிற் சேமிப்பகமாக விளங்கும் ‘நாண்ட்’ வகை 1987இலும் அறிஞர் முன் வைக்கப்பட்டன. இதில் எழுதுவது சிறு பக்கமாக. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பெருந்தொகுதியாக. எழுதிய பக்கத்தின் மேல் நேரடியாக மீண்டும் எழுத முடியாது. எனவே சேமிப்பகத்தினுள்ளே இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு, புதியதை வெற்றிடமொன்றில் எழுதிவிட்டு, எது எங்கே என்ற தன் சொந்த அட்டவணையைத் திருத்திக்கொள்கின்றது. ஆகவே கருவிக்குள் கணக்கப்பிள்ளை ஒருவரல்லர், இருவர். இரண்டாமவரிடமும் ஒரு சிட்டை உண்டு. முதலாமவர் “பதிந்துவிட்டேன்” என்று மெய்யாகவே சொன்னபோதும், இரண்டாமவரின் சிட்டை எரிந்துபோகக் கூடும்.

இதைவிட வியப்பூட்டுவது வேறொன்று. ஒரு கலத்தில் இரண்டு பிட்டுகளைச் சேமிக்கும் வகையில், அவ்விரு பிட்டுகளும் வெவ்வேறு பக்கங்களைச் சேர்ந்தவையாக இருக்கும். முதற்பக்கம் என்றோ எழுதப்பட்டிருக்கலாம். இரண்டாம் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், அந்தக் கலத்தின் மின்னேற்றம் இடைநிலையில் நின்றுபோய், முன்னரே பத்திரமாக இருந்த முதற்பக்கமும் பாழாகலாம். தொடாத கோப்பும் கெட்டுவிட்டது என்று ஒருவர் முறையிட்டால், அவர் மறந்துபோய்ச் சொல்கின்றார் என்று உடனே எண்ணிவிடலாகாது. நல்ல கட்டுப்பாட்டுச் சில்லுகள் இதற்குக் காப்புச் செய்கின்றன. எல்லாச் சில்லுகளும் நல்லவையல்ல. 2013இல் வெளியான ஆய்வொன்றில், கணினிகளுக்கான பிளாஷ் சேமிப்பகங்கள் 15இனை மின்சாரத்தைச் சட்டெனத் துண்டித்துச் சோதித்தபோது, 13 ஏதேனும் ஒருவகையிற் பிழைத்து நடந்தன. சில பிட்டுகள் சிதைந்தன, சில எழுத்துகள் பாதியில் அறுந்தன, சாதனமே செயலற்றுப்போனதும் உண்டு.

மேலே தனிக்கதை என்று விடப்பட்டது நினைவட்டைகளைப் பற்றியது. பல ஆயிரம் முறை எழுதி அழித்துத் தேய்ந்த அட்டைகளிற் சில, இனி எதையும் எழுதுவதில்லை என்ற நிலைக்குத் தாமே போய்விடுகின்றன. ஆனால் அதைச் சொல்வதில்லை. எழுதச் சொன்னால் “ஆயிற்று” என்கின்றன. சிட்டை இருக்கும்வரை எல்லாம் சரியாகவே தோன்றும். மறுதொடக்கத்தின் பின் புதிய படங்கள் மறைந்திருக்கும்; நேற்று அழித்த படங்கள் மீண்டு வந்திருக்கும். அழித்தவை திரும்பி வருகின்றன என்றால் பேயைத் தேட வேண்டியதில்லை, அட்டை தேய்ந்துவிட்டது. போலி அட்டைகளின் வஞ்சகம் இன்னொருவகை. உறையில் 128 ஜிகாபைட்டு என்றிருக்கும். உள்ளே உண்மையில் 8 மட்டுமே இருக்கலாம். எட்டு நிறைந்தபின் எழுதுவது தொடக்கத்திலுள்ளதன் மேல் விழும், அல்லது எங்கும் விழாது. முழு அட்டையையும் நிரப்பி மீள வாசித்துச் சரிபார்க்கும் இலவசச் செயலிகள் உள்ளன. புதிய அட்டையை வாங்கிய அன்றே அவ்வாறு சோதித்தல் நன்று.

அட்டை பழுதில்லை, கோப்பு முறைமையும் திருத்தப்பட்டுவிட்டது என்றாலும் செயலிகளில் வைக்கக்கூடிய நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளையும் அவருடன் பணியாற்றியோரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டிற்று. தரவுத்தளங்கள் உள்ளிட்ட, மிகுந்த கவனத்தோடு எழுதப்பட்ட 11 மென்பொருள்களை எடுத்து, எழுதும் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் மின்சாரம் நின்றால் எந்நிலை எஞ்சும் என்பதைக் கணித்துப் பார்த்தனர். கண்டுபிடித்த பலவீனங்கள் 60. வல்லுநர் எழுதியவற்றிலேயே இத்துணை என்றால், ஒருவர் வார இறுதியில் எழுதிவெளியிட்ட குறிப்பேட்டுச் செயலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இழப்பு நேர்ந்த அன்று செய்யத்தக்கதும் தகாததும் சில உள. உறைந்த கருவியை உடனே பொத்தானால் அடக்காமல், முடிந்தால் ஓரிரு நிமிடம் பொறுத்திருப்பது நன்று. திரை அசையாவிடினும், உள்ளே சிட்டையிலிருந்து பேரேட்டிற் பதியும் வேலை நடந்துகொண்டிருக்கலாம். கேடு தெரிந்தபின் அதே அட்டையிற் புதிய படம் எடுத்துப் பார்ப்பது பெருந்தவறு. மீட்கக்கூடியதாக எஞ்சியிருந்த இடத்தின்மேல் அது எழுதிவிடும். அட்டையைக் கழற்றி, முழுவதையும் பிட்டுக்குப் பிட்டு படியெடுத்து, அந்தப் படியிலேயே மீட்பு முயற்சியைச் செய்தல் வேண்டும். அட்டையில் ‘லொஸ்ட்.டிர்’ என்றொரு கோப்புறை காணப்பட்டால், அதைக் குப்பையென்று அழித்துவிடலாகாது. பெயரையும் இடத்தையும் இழந்து அநாதையான கோப்புகளை இயங்குதளம் அங்கேதான் எண்களிட்டு வைக்கின்றது. காணாமற்போன நிழற்படம் பெயரின்றி அங்கே முழுமையாகக் கிடப்பதுண்டு.

கருவியின் உள்நினைவகத்தில் நேர்ந்த இழப்பில் அத்துணை நம்பிக்கைக்கு இடமில்லை. 2013இல் வந்த அன்ட்ரொயிட் 4.3 முதல், கைவிடப்பட்ட இடங்களைச் சேமிப்பகத்திற்கு அறிவித்துத் துப்புரவாக்கும் வேலை கருவி சும்மா இருக்கும்போது தானே நடக்கின்றது. அதன்மேல் தரவுகள் மறைகுறியாக்கப்பட்டும் இருக்கின்றன. அங்கே அழிந்தது பெரும்பாலும் அழிந்ததே. தாயின் குரலை உள்நினைவகத்தில் மட்டும் வைத்திருப்பவர், இன்று மாலையே அதனை வேறோர் இடத்திற் படியெடுத்து, அந்தப் படியை வேறு கருவியொன்றிற் போட்டு ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுதல் வேண்டும்.